சுமையோடு, நேரத்துக்கு: டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கதை



பழங்காநத்தம் ரவுண்டானாவைத் தாண்டிப் போற யாருக்கும் டி.வி.எஸ். நகர் தெரியும். தெருவுக்கு நாலு வீட்டுலயாவது ஒரு டி.வி.எஸ். வண்டி நிக்கும். ஆனா அந்த மூணு எழுத்துக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா, மொபெட் செஞ்சவர்னு சொல்லிட்டுப் போயிடுவோம். உண்மையில் டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல ஓசூர்ல இருந்து வெளியே வந்தப்போ, அவர் இறந்து 25 வருஷம் ஆகியிருந்தது.

திருக்குறுங்குடி சுந்தரம் அய்யங்கார் ஒரு இன்ஜினைக்கூட வடிவமைக்கவில்லை. வேற நாட்டுக்காரன் அவன் ரோட்டுக்காகச் செஞ்ச வண்டியை வாங்கி, நம்ம ஊர் ரோட்டுக்கும் வெயிலுக்கும் சுமைக்கும் தகுந்த மாதிரி தயார்படுத்தி, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துல கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வளவுதான் அவர் செஞ்ச வேலை. அந்த அவ்வளவுதானுக்குள்ள எவ்வளவு இன்ஜினியரிங் இருக்குன்னு பேசத்தான் இந்தக் கட்டுரை.

இன்னொரு காரணமும் இருக்கு. உங்க கிளப்புல பாஹா போட்டிக்கு வண்டி கட்டுறீங்க. அதை ட்ரெய்லர்ல ஏத்தி, ஒரு பிக்கப்புக்குப் பின்னாடி மாட்டி பீதம்பூர் வரைக்கும் கொண்டுபோகணும்னு வைங்க. வண்டி கட்ட ஆறு மாசம் கணக்குப் போட்ட நாம, அந்த ட்ரெய்லரை மாட்டுறதுக்கு ஆறு நிமிஷமாவது கணக்குப் போடுவோமா? கடைசியில அதையும் போட்டுப் பார்க்கலாம். முதல்ல மனுஷர் கதை.

வேலையை விட்டவர்

1877 மார்ச் 22-ல் பிறந்தார். ஊர் திருநெல்வேலிச் சீமையில் மலையடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நம்பி கோயில் இருக்கும் ஊர். டி.வி.எஸ். என்பதில் இருக்கும் டி இந்த ஊர்தான். அந்தக் காலத்துப் படித்த குடும்பத்துப் பையனுக்கு என்ன பாதையோ அதுதான் இவருக்கும் போடப்பட்டது. சட்டத் துறையில் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை, பிறகு வங்கியில் வேலை. இன்றைய மொழியில் சொன்னா, மூணுமே செட்டில் ஆகிட்டான்னு வீட்டுல நிம்மதியா இருக்கக்கூடிய வேலைகள்.

அதை விட்டுட்டு, 30 வயசைத் தாண்டின பிறகு சொந்தத் தொழிலுக்கு வந்தார். 1911-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் தொடங்கியது. 1912-ல் மதுரையில் பஸ் விட்டார். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்து ஒரு தொழிலாகக் காலூன்றியதற்கு இதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

அந்த வருஷத்தை இன்னைக்கு இருந்து பார்த்தா அதன் துணிச்சல் புரியாது. மதுரைக்கு ரயில் 1875-லயே வந்துடுச்சு. ஆனா ரயில் தண்டவாளம் இருக்கும் ஊருக்குத்தான் போகும். ஸ்டேஷனில் இறங்கினவன் தன் கிராமத்துக்குப் போக மாட்டு வண்டிதான் கதி. மாட்டு வண்டி மணிக்கு மூணு நாலு கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருன்னா வழியில ராத்தங்கணும். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு, ரயில் எங்கே நின்னுபோகுதுன்னு தெரிஞ்சிருக்கும். அங்கிருந்துதான் பஸ் கிளம்புது.

ரோடும் லாட ஆணியும்

இப்போ ஒரு இன்ஜினியரா யோசிங்க. 1912-ல் உங்க கையில ஒரு மோட்டார் வண்டி இருக்கு. தார் ரோடு கிடையாது. கப்பி போட்ட ரோடு, மழை பெய்தா சேறு, வெயில்ல புழுதி. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். அதுவும் கம்பியும் நெம்புகோலும் வெச்சு இழுக்குற பிரேக். நாலு சக்கரத்துக்கும் பிரேக் பரவலா வந்தது 1920-களில். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக் அமெரிக்காவில் டூசன்பெர்க் காரில் வந்ததே 1921-ல். ஸ்பேர் வேணும்னா கப்பலில் வரணும்.

இன்னொரு எதிரி டயருக்கு. அந்த ரோட்டில் நூத்துக்கணக்கில் மாட்டு வண்டி போகும். மாட்டுக் குளம்புக்கு லாடம் அடிச்சிருப்பாங்க. லாடம் தேயத் தேய ஆணி கழண்டு ரோட்டில் விழும். பஸ் டயர் அதில் ஏறினா பஞ்சர். இதுக்குக் காந்தம் பொருத்தின வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணியைப் பொறுக்க வைத்தார் சுந்தரம் அய்யங்கார்னு ஒரு கதை அவரைப் பத்திச் சொல்லப்படுது. பஞ்சர் ஆனா ஒட்டிக்கலாம்னு நினைக்கறது ஒரு வகை மனசு. பஞ்சர் ஆகறதுக்குக் காரணமான ஆணியையே ரோட்டில் இருந்து எடுக்கணும்னு நினைக்கறது இன்னொரு வகை. நாம மூணாவது வருஷம் மெயின்டனன்ஸ் பேப்பரில் முன்தடுப்புப் பராமரிப்புன்னு படிக்கிறது இந்த ரெண்டாவது மனசைத்தான்.

கடிகாரம் திருத்திய பஸ்

டி.வி.எஸ். பஸ் வர்றதைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைத் திருத்திக்குவாங்கன்னு மதுரைப் பக்கம் பெரியவங்க சொல்லி நீங்களும் கேட்டிருப்பீங்க. இதைப் பழங்கதையா தள்ளிடாம, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

ஒரு பஸ் ஒரு நாள் நேரத்துக்கு வரணும்னா நல்ல டிரைவர் போதும். தினமும் நேரத்துக்கு வரணும்னா? ரோட்டில் நிக்கப்போற வண்டியை முந்தின நாள் ராத்திரியே கண்டுபிடிக்கணும். தேய்ஞ்ச பிரேக் கட்டையை அறுந்த பிறகு மாத்தறதுக்குப் பதிலா தேயும்போதே மாத்தணும். மாத்தறதுக்குப் பொருள் கையிருப்பில் இருக்கணும். ஒரு வண்டி பட்டறைக்குள்ள இருந்தா அதுக்குப் பதில் ஓட இன்னொரு வண்டி வேணும். ஜனங்க பார்த்தது கடிகார முள். அதுக்குப் பின்னால இருந்தது ஸ்டோர் ரூமும் பட்டறையும்.

இந்தத் தேவைதான் அவர் தொழிலை விரித்தது. பஸ்ஸும் லாரியும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. சரக்கும் பார்சலும் ஊர் ஊராகப் போயின. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்ற நிறுவனங்கள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி விற்பனையில் குடும்ப நிறுவனம் பெரிய இடத்தைப் பிடித்தது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் வைத்தார். வண்டி வாங்குவது, ஓட்டுவது, பழுது பார்ப்பது, டயர் தேய்ந்தால் உயிர் கொடுப்பது என்று ஒரு சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒரே கையில் வந்தன. மதுரை மேலவெளி வீதியில் இருக்கும் கம்பெனி அலுவலகத்தை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க.

கரி பஸ்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது, பொதுமக்களுக்கு ரேஷன். 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போக, ரப்பருக்கும் தட்டுப்பாடு. பஸ் கம்பெனி நடத்துறவருக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. ஓட்டுறதுக்கு எரிபொருள் இல்லை, ஓடுறதுக்கு டயர் இல்லை.

அப்போ அவர் வடிவமைத்துத் தயாரித்ததுதான் டி.வி.எஸ். காஸ் பிளான்ட். உங்க தாத்தா பாட்டி கரி பஸ்னு சொல்வாங்களே, அந்த வகை. வேதியியல் நமக்குத் தெரிஞ்சதுதான். உருளையில் மரக்கரியைப் போட்டு, போதாத காத்தில் எரிய விடணும். முதலில் கார்பன் டை ஆக்சைடு வரும். அது கொதிக்கிற கரி அடுக்கு வழியா போகும்போது இன்னொரு கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடா மாறும். கொஞ்சம் நீராவி இருந்தா ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்த வாயுவை ஆற வெச்சு, தூசி வடிகட்டி, காத்தோடு கலந்து இன்ஜினுக்கு விட்டா வண்டி ஓடும்.

ஆனா இலவசமா எதுவும் கிடைக்காது. அந்த வாயுவில் பாதி நைட்ரஜன், அது எரியாது. அதனால இன்ஜின் சக்தி மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். காலையில் வண்டி கிளம்பறதுக்கு முன்னால ஊதுகுழல் சக்கரத்தைச் சுத்திச் சுத்திக் கரியைப் பத்த வைக்கணும். வடிகட்டியைச் சுத்தம் பண்ணலைன்னா கரித்தூள் சிலிண்டரைத் தின்னுடும். கசிவு இருந்தா கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

நம்ம தலைப்புக்கு நேரா வர்ற விஷயம் எடை. இப்படிப்பட்ட பிளான்ட் பெரும்பாலும் பஸ்ஸோட பின்பக்கம்தான் தொங்கும். சில நாடுகளில் தனி ட்ரெய்லரில் வெச்சு இழுத்துட்டுப் போனாங்க. ஒரு கணக்குக்கு, பிளான்ட் 300 கிலோ, பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால தொங்குது, ரெண்டு அச்சுக்கும் நடுவில் 4 மீட்டர்னு வைங்க. பின் அச்சில் கூடுறது 300 கிலோன்னு நினைப்போம். கிடையாது. நெம்புகோல் விதிப்படி 375 கிலோ கூடும். அந்த உபரி 75 கிலோ எங்கே இருந்து வந்தது? முன் அச்சில் இருந்து. முன் சக்கரம் அந்த அளவுக்கு லேசாகும். ஸ்டியரிங் பிடிமானம் குறையும். சக்தி குறைஞ்ச இன்ஜின், பின்னால கனம், முன்னால லேசு. அந்த வண்டியைக் கப்பி ரோட்டில் ஆள் ஏத்தி ஓட்டினாங்கன்னா, அது இன்ஜின் பெருமை இல்லை, தயார்படுத்தினவங்க பெருமை.

வீட்டுக்குள் ஒரு கதை

தொழிலில் இவ்வளவு முன்னால பார்த்தவர் வீட்டில் எப்படி? அவர் மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம். கணவர் டாக்டர். இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். வைதீகக் குடும்பத்தில் இளம் விதவை என்றால் என்ன வாழ்க்கை என்று நமக்குத் தெரியும். சௌந்தரம் அந்த மூலையில் உட்காரவில்லை. டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். குடும்பம் அதற்குத் துணை நின்றது.

அடுத்த படி கடினமாக இருந்தது. வேறு சாதியைச் சேர்ந்த, கேரளத்துக் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்ய அவர் விரும்பியபோது வீட்டில் எளிதாகச் சம்மதம் வரவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது. பிறகு அந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டி அருகே 1947-ல் உருவாக்கியதுதான் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் பின்னாளில் மத்திய துணை அமைச்சராகவும் இருந்தார். சாதனையாளர் வரலாறுகளில் இந்த மாதிரிப் பக்கங்களை மெதுவா மறைச்சிடுவோம். மறைக்கத் தேவையில்லை. ரோட்டில் ஆணியைப் பொறுக்கின மனுஷருக்கும் தாண்ட முடியாத வேலிகள் இருந்தன. அதைத் தாண்டினது மகள்.

அவருக்குப் பிறகு

தொழிலைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் அய்யங்கார், 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். 78 வயது.

அவர் போன பிறகு குடும்பம் எதைத் தயாரிக்க ஆரம்பித்தது என்று வரிசையா பாருங்க. 1960-ல் வீல்ஸ் இந்தியா: சக்கரம். 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்.: ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்பொருள்கள். 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. அதே 1962-ல் பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் கூட்டோடு சுந்தரம் கிளேட்டன்: லாரி, பஸ்களுக்கான ஏர் பிரேக். அதே பத்தாண்டில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்: போல்ட், நட்டு. முழு வண்டி செய்யணும்னு அவங்க முதல்ல ஓடலை. எது இல்லாட்டி வண்டி ரோட்டில் நிக்குமோ, எது இல்லாட்டி வண்டி நிக்காமப் போகுமோ, அதைத்தான் செய்தாங்க. 50 வருஷம் வண்டி ஓட்டிப் பழுது பார்த்த வீட்டுக்குத்தான் அந்தப் பட்டியல் தெரியும். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது.

பஸ் மட்டும் கையை விட்டுப் போனது. 1972-ல் மதுரையில் பாண்டியன் ரோட்வேஸ் அரசுக் கழகம் பிறந்தது, டி.வி.எஸ். பஸ்கள் நாட்டுடைமை ஆகி அதற்குள் போயின. கிராமத்துக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் பஸ் வேணும்னா அரசுதான் நடத்தணும் என்பது ஒரு பக்க வாதம். நேரம் தவறாத ஒரு அமைப்பு கலைந்துபோச்சு என்பது இன்னொரு பக்க வாதம். ரெண்டுலயும் நியாயம் இருக்கு. நீங்களே யோசிச்சுக்குங்க.

இப்போ உங்க ட்ரெய்லர்

சரி, பிக்கப்புக்கு வருவோம். பழங்காநத்தம் பைபாஸ் ரோட்டில் ஜெனரேட்டரையோ கம்ப்ரசரையோ பின்னால மாட்டிட்டுப் போற பிக்கப்பைப் பார்த்திருப்பீங்க. இழுக்குமான்னுதான் எல்லாரும் முதல்ல கேட்போம். இழுத்துடும். இன்னைக்கு டீசல் இன்ஜினுக்கு அது பெரிய வேலை இல்லை. சுந்தரம் அய்யங்கார் வழியில் யோசிச்சா கேள்வி வேற: நிக்குமா, நேரா போகுமா, பாதி வழியில் எது கழலும்?

நிக்குமா? லோடோடு 3 டன் இருக்கும் பிக்கப் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனா, பிரேக் தின்ன வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 4.2 லட்சம் ஜூல். பின்னால பிரேக் இல்லாத 1.5 டன் ட்ரெய்லரை மாட்டினா அது 6.25 லட்சம். ஒன்றரை மடங்கு வேலை, அதே பிரேக் கட்டைக்கு. பழைய அளவுக்கே திரும்பணும்னா வேகத்தை 49-க்கு இறக்கணும். அதனால கனமான ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேணும். பெரிய ட்ரெய்லர் லாரிகளில் ஏர் பிரேக் இருக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைப்புக் குழாய் அறுந்து காத்து போயிட்டா, ட்ரெய்லர் பிரேக் தானா பிடிச்சுக்கும். ரயிலுக்கு வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் கொண்டுவந்த அதே யோசனை: பழுது வந்தா நிக்கிற பக்கம் சாயணும், ஓடுற பக்கம் சாயக்கூடாது. மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடேறிப் பிடிமானம் போயிடும். கீழ் கியரில் இறங்குங்க.

நேரா போகுமா? ட்ரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல விழணும். 1.5 டன்னுக்கு 150 முதல் 225 கிலோ. இதுக்குக் கீழே போனா ட்ரெய்லர் வால் ஆட்டும். ஒரு கட்டத்தில் வால் நாயை ஆட்டுற கதையாகிடும். அதனால கனமான பொருள் ட்ரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கட்டும். அதுக்காக முன்னாலயே குவிச்சா கரி பஸ் கணக்கு திரும்ப வரும். கொக்கியில் 200 கிலோ, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால, வீல்பேஸ் 3 மீட்டர்னா, பின் அச்சுக்கு 280 கிலோ கூடும், முன் அச்சில் 80 கிலோ குறையும். அதைப் பின் பட்டையும் பின் டயரும் தாங்கணும். பிக்கப் தொட்டியில் ஏத்தற லோடை அந்த அளவுக்குக் குறைக்கணும். ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை ரெண்டும் போட்டிருக்கும். கழிச்சுப் பாருங்க. ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு.

எது கழலும்? கொக்கியை பம்பரில் வெல்டு வைக்காதீங்க. சேசிஸில் போல்ட் போட்டு மாட்டணும். கொக்கிக்கும் ட்ரெய்லர் கம்பிக்கும் அடியில் ரெண்டு சங்கிலி, ஒன்றுக்கொன்று குறுக்கே பெருக்கல் குறி மாதிரி. கொக்கி விட்டுப்போனாலும் கம்பியின் முனை ரோட்டில் குத்தாம அந்தச் சங்கிலி தாங்கும். டயருக்குக் காத்து ஆறியிருக்கும்போது பாருங்க, ட்ரெய்லர் டயரையும் சேர்த்து. வீல் நட்டை முதல் 50, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு இறங்கித் திரும்ப முறுக்கிப் பாருங்க. பிரேக் லைட், இன்டிகேட்டர் வயர் பின்னால வரைக்கும் வேலை செய்யணும். கண்ணாடியில் ட்ரெய்லரின் ரெண்டு ஓரமும் தெரியணும். பிறகு காலியான ரோட்டில் மெதுவா ஒரு தடவை ஓட்டி, பிரேக் போட்டுப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

இதுல ஒண்ணுகூடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. பிராஜெக்ட் எக்ஸ்போவில் இதுக்குப் பரிசும் கிடைக்காது. ஆனா சக்கரம், பிரேக், போல்ட், வயரிங்னு இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிங்க. 1960-களில் அந்தக் குடும்பம் தொடங்கின கம்பெனிகளின் பட்டியலும் இதுதான். ஒரு மனுஷர் லாட ஆணியில் இருந்து ஆரம்பிச்சுச் சேர்த்து வெச்ச அறிவு அது. அடுத்த தடவை டி.வி.எஸ். நகர் போர்டைப் பார்க்கும்போது மொபெட்டை மட்டும் நினைக்காதீங்க. ட்ரெய்லர் மாட்டும்போது அந்த ஆறு நிமிஷத்தையும் மிச்சம் பிடிக்காதீங்க.